சுவத்துக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

சிக்கனமாக இருங்கள் என்று நமக்குச் சொல்ல வராத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருக்கிறார். தேர்தல் நேரத்தில் வளவுக்குள் வரும் கட்சிக்காரர் சொல்லியிருக்கிறார். குழுக் கடன் கொடுக்க வருகிறவர்கள் வட்டியைச் சொல்லும் முன்னால் சிக்கனத்தைச் சொல்கிறார்கள். "வருசத்துக்கு என்ன வரவு, என்ன செலவுன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, வீண் செலவு எதுன்னு தானாத் தெரியும்" என்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் பெண்கள் தலையாட்டுகிறார்கள். கடன் வேணுமே.

இந்த உபதேசத்துக்கு அடியில் ஒரு நினைப்பு படுத்திருக்கிறது. இந்தச் சனங்களுக்குக் கணக்குத் தெரியாது, கையில் கிடைத்ததை அன்றைக்கே தின்று குடித்துத் தீர்ப்பார்கள், நாளைக்கு என்கிற யோசனையே கிடையாது என்ற நினைப்பு. அந்த நினைப்போடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். கொங்குச் சீமையில் மாதாரிக் குடும்பம் மாதிரி வருசக் கணக்கிலேயே வாழ்ந்த குடும்பம் வேறு எது? சம்பளமே வருசத்துக்குப் பேசுவது. துணி வருசத்துக்கு ஒரு தடவை. கடன் வருசா வருசம். எங்க ஆட்களுக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள், அந்தக் கணக்கு எந்த வீட்டு அலமாரியில் இருந்தது என்று கேட்பதில்லை.

நான் தமிழ் முதுகலை படித்தவள். அதனால் முதலில் நம் நூல்களைப் பார்த்துவிடலாம். திருக்குறளில் வலியறிதல் என்றொரு அதிகாரம். வருகிற வழி சின்னதாக இருந்தாலும் போகிற வழி பெருகாமல் இருந்தால் கேடில்லை என்ற கருத்து அதில் வருகிறது. அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலின் அரசியல் பகுதியில். படை நடத்தப் போகிற மன்னன் தன் பலத்தைத் தெரிந்துகொள்ளச் சொன்ன பேச்சு. கஜானா வைத்திருந்தவனுக்குச் சொன்னதைக் கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நல்வழி இன்னும் ஒரு படி மேலே போய், முதலுக்கு மேல் செலவு செய்கிறவனுக்கு மானம் போகும், அவனை எல்லாரும் கள்ளனாகப் பார்ப்பார்கள் என்று பயமுறுத்துகிறது. கள்ளன் என்ற சொல் வகுப்பில் விழுந்தபோது எனக்கு ஒளவையார் ஞாபகத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் நாலு தேங்காய் குறைந்தால் முதலில் யார் வளவுக்கு ஆள் வரும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. இங்கிலாந்தில் பார்க்கம் என்ற சின்ன ஊரில் டேவிட் டேவிஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். காட்டு வேலைக் கூலிகள் டீ குடித்துக் காசை அழிக்கிறார்கள் என்று நிலக்காரர்கள் குறைபட்டுக்கொண்டிருந்த காலம். டேவிஸ் 1787இல் தன் ஊர்க் கூலிக் குடும்பங்கள் சிலவற்றின் வரவு செலவை வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார். 1795இல் அதைப் புத்தகமாகப் போட்டார். உழைத்துச் சிக்கனமாக இருந்த வீடுகளிலும் செலவு வரவைத் தாண்டித்தான் நின்றது. டீக்கும் அவரிடம் பதில் இருந்தது. கூலிக்காரனுக்குப் பால் கிடைக்காமல் போய்விட்டது, பீர் காய்ச்சுகிற மால்ட்டுக்கு வரி ஏறிவிட்டது. மிஞ்சியது கொதிக்கிற தண்ணீரும் ஒரு சிட்டிகைத் தூளும். அதற்கு அறுபது வருசம் கழித்து, 1857இல், எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர் பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை வைத்துக்கொண்டு, வரவு குறையக் குறைய அதில் சோத்துக்குப் போகும் பங்கு கூடும் என்று நிறுவினார். பொருளாதாரப் பாடத்தில் எங்கல் விதி என்று இருக்கிறது. எங்க அவ்வாவுக்கு எங்கல் சொல்லாமலே அது தெரியும்.

வெள்ளைக்கார அரசாங்கம் நம் வயிற்றிலேயே சிக்கனத்தைச் சோதித்துப் பார்த்தது தாது வருசப் பஞ்சத்தில். 1876-78. கோயம்புத்தூர் சில்லாவும் அடிபட்ட சில்லாதான். 1871க்கும் 1881க்கும் நடுவில் சில்லாவின் சனத்தொகை குறைந்தது. 1877 சனவரியில் ரிச்சர்டு டெம்பிள் வந்து நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆணுக்கு சுமார் 450 கிராம் தானியம், ஒரு அணாக் காசு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ், குறைந்தது 680 கிராம் தானியமும் பருப்பு, காய்கறியும் இல்லாமல் வேலை செய்கிற உடம்பு நிற்காது என்று சண்டை போட்டார். டெம்பிள் கணக்கு அரசாங்கத்துக்கு மிச்சம் காட்டுகிற கணக்கு. எந்தக் கணக்கையும் பார்க்கும்போது மிச்சம் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி பண்ணயத்துக்கு வருகிறேன். பண்ணையாள் என்றதும் தஞ்சாவூர்த் தோழர்களுக்கு நெல் வயலும் மிராசுதாரும் கண்ணில் வரும். இங்கே நொய்யல் கரையிலும் சூலூர்க் குளத்தங்கரையிலும் கொஞ்சம் நன்செய் உண்டு. மற்றதெல்லாம் மேட்டுக்காடு. மழையை நம்பிக் கம்பும் சோளமும், கிணற்றை நம்பி ராகியும் பருத்தியும். தோட்டங்கள் பெரும்பாலும் கவுண்டர்களுடையவை. ஒரு தோட்டத்துக்கு ஒரு மாதாரிக் குடும்பம், பெரிய தோட்டமென்றால் ரெண்டு மூணு. 1843இல் ஐந்தாம் சட்டம் வந்து, மனுசனை மனுசன் சொத்தாக வைத்திருப்பதைக் கோர்ட்டு ஏற்காது என்று ஆனது. அதற்கப்புறம் ஆளைக் கட்டிவைக்கக் கயிறு வேணுமே. கடன் அந்தக் கயிறு.

வருசத்துக்கு ஒரு தடவை பேச்சு. எங்க பக்கம் சித்திரையில். வேறு ஊர்களில் தை என்கிறார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கின பணம் பாக்கியாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது. வட்டியில்லாக் கடன் என்று இன்றைக்கும் சில கவுண்டர் வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வட்டிக்குப் பதில் ஆள் இருந்தானே. பாக்கி இருக்கிற வரைக்கும் வேறு தோட்டத்துக்குப் போகக்கூடாது. போகவேண்டுமென்றால் புதுக் கவுண்டர் பழைய கவுண்டருக்குப் பாக்கியைக் கட்டி ஆளை ஓட்டிக்கொண்டு போகலாம். மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், மாட்டுக்குச் சுழி பார்ப்பார்கள்.

பேச்சு நடப்பது ஆணோடு. ஆனால் போவது குடும்பம். பெண்டாட்டி விடிகாலையில் கட்டுத்தரை கூட்டிச் சாணி அள்ளிப் போடவேண்டும். அது கூலியில் சேராது. பையன் ஏழெட்டு வயதில் ஆடு மேய்க்கப் போவான். சோறு அங்கேயே, வருசத்துக்குக் கொஞ்சம் பணம், அதுவும் அப்பன் பாக்கியில் கழியும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இந்தப் பையன்களைப் பற்றிய நாவல்தான். படிக்காத தோழர்கள் படித்துவிடுங்கள்.

என் அப்பாவைப் பெத்த அவ்வா 1950களின் கடைசியில் கல்யாணமாகிச் சூலூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்துக்கு வந்தவள். எங்க வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அவள் கணக்குச் சொன்னது பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஒரே நாளில் சொல்லவில்லை. நாலு வருசம், தவணை தவணையாக, வாயைக் கிளறித்தான் வாங்கினேன். மூணு பிள்ளைகள் இருந்த ஒரு வருசத்தை எடுத்துக்கொண்டு அவள் சொன்னதை அடுக்கித் தருகிறேன்.

தோட்டம் அளந்தது மாசத்துக்குப் பன்னிரண்டு வள்ளம் தவசம். நாலு படி ஒரு வள்ளம். ஆக 48 படி. கம்பா, சோளமா, ராகியா என்பது கவுண்டர் வீட்டில் எது மிகுதியோ, எதில் வண்டு விழுந்ததோ அதைப் பொறுத்தது. வீட்டில் தின்கிற வாய் ஏழு. மாமனார், மாமியார், தாத்தா, அவ்வா, மூணு குழந்தைகள். நாளைக்கு இரண்டு படி இல்லாமல் அடுப்பு ஓடாது. மாசத்துக்கு 60 படி. 12 படி துண்டு. வருசத்துக்கு 144 படி, அதாவது 36 வள்ளம். மூணு மாசக் கூலி அளவுக்குத் துண்டு.

"அஞ்சுல நாலு பங்கு தோட்டம் அளக்கும். ஒரு பங்க நாமதான் பாத்துக்கோணும்" என்றாள். பள்ளிக்கூடம் போகாத பொம்பளை சொன்ன பின்னக் கணக்கு. நான் தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அந்த ஒரு பங்கை எப்படிப் பார்த்துக்கொண்டாள்? இதைத்தான் நான் சிக்கனத்தின் சரித்திரம் என்று சொல்லுவேன். சாயங்காலம் கவுண்டர் வீட்டு வாசலில் போசியை வைத்துவிட்டு நிற்பது. பழைய சோறும் மிஞ்சின களியும் மேலே இருந்து விழும். கம்பங்காடு அறுத்து முடிந்ததும் சிந்தின கதிர் பொறுக்குவது. கடலைக்காட்டில் கொத்து ஓட்டி, விட்டுப்போன கடலையை மண்ணுக்குள் தேடுவது. எலிவளையை வெட்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்த தவசமும் கிடைக்கும். "எலிதான் எங்களுக்குப் பேங்கு" என்று சிரித்தாள். களை வெட்டும்போது மடியில் பண்ணக்கீரையும் தொய்யக்கீரையும். பருத்தி வெடிக்கிற காலத்தில் பக்கத்துக் காடுகளுக்குக் கூலிக்குப் போய்வர, தோட்டத்தில் கேட்டுக்கொண்டு ஓடுவது. மாடு செத்தால் கறியை அறுத்துக் கொடியில் காயப்போட்டு, சட்டியில் போட்டு மூடி வைப்பது. கார்த்திகையில் கெட்டியாக இருந்த கூழ், அடுத்த ஆவணி புரட்டாசிக்கு வரும்போது குடிக்கிற பதத்துக்கு நீர்த்துவிடும். கடைசியாகச் சாப்பிடுவது அவள். அந்த வீட்டில் மிச்சம் பிடித்த இடம் அவள் வயிறு.

ரொக்கம் கண்ணில் படுவது அபூர்வம். உப்பு, மொளகா, சீமெண்ணெய் மூன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். தவசத்திலேயே ஒரு படி கொண்டுபோய்க் கடையில் போட்டுவிட்டு உப்பும் மொளகாயும் வாங்கி வந்த நாள்தான் அதிகம். கடைக்காரன் தவசத்தை எடுத்துக்கொள்கிற விலை வேறு, அதே தவசத்தை அவன் விற்கிற விலை வேறு. தீவாளிக்குத் தாத்தாவுக்கு ஒரு வேட்டி, துண்டு, அவ்வாவுக்கு ஒரு சேலை. பிள்ளைகளுக்குக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்தது. மாரியம்மன் நோம்பிக்கு ஒரு செலவு, அதைத் தள்ளிப்போட முடியாது. வெத்தலை, பாக்கு, பொகையிலை. இது வீண் செலவுதானே என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "வெத்தலயப் போட்டுக் கிட்டா மத்தியானப் பசி தெரியாது கண்ணு" என்றாள். டேவிஸ் பாதிரியாரின் டீயை அதற்குப் பிறகுதான் நான் புத்தகத்தில் படித்தேன்.

இப்போது நோட்டு விசயம். தோட்டத்து வீட்டில் ஒரு நீளநோட்டு இருந்தது. எவ்வளவு வாங்கினான், எத்தனை நாள் வரவில்லை, உடைந்த கலப்பை, தொலைந்த ஆடு, காய்ச்சலுக்குக் கொடுத்த பணம், எல்லாம் அதில் ஏறும். அவ்வாவும் கணக்கு வைத்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கோடு. வள்ளத்துக்கு ஒரு நேர்கோடு, ரூபாய்க்கு ஒரு வட்டம், வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சித்திரையில் ஆரம்பித்தால் மார்கழிக்குள் சுவரில் பாதி நிறைந்துவிடும். தை வரும். பொங்கலுக்கு வீட்டை வழித்துச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசவேண்டும். பூசாமல் விட்டால் தரித்திரம் என்பார்கள். பூசினால் கணக்குப் போச்சு. கணக்குத் தீர்க்கிற சித்திரைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கும். நோட்டுக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை.

சித்திரையில் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திண்ணைக்குக் கீழே நிற்பார்.

"ஏனுங் சாமி, போன வருசப் பாக்கி நூத்தம்பதுதானுங்களே."

"நூத்தித் தொண்ணூறுடா."

"இல்லீங் சாமி, பொம்பள சொல்றா..."

"ஏண்டா, உம் பொண்டாட்டி சொல்றது நெசம், நோட்டு பொய் சொல்லுதா?"

அதோடு முடிந்தது பேச்சு. அவ்வா பிற்பாடு சுவரை விட்டுவிட்டு, கூரையைத் தாங்குகிற மூங்கில் கம்பில் அரிவாளால் கீறிவைக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பு அதை மறைக்காது. அந்தக் கம்பை உருவிக்கொண்டுபோய்த் திண்ணையில் காட்ட முடியுமா? காட்டினதில்லை. ஆனால் தங்கள் கணக்குச் சரி என்று அவளுக்குத் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும். கணக்குத் தெரியாமல் ஏமாந்தவர்கள் என்று நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். தெரிந்துகொண்டே ஏமாந்து நிற்பது தெரியாமல் ஏமாறுவதைவிடக் கனமானது.

தாத்தாவுக்குத் தோல் வேலையும் ஒரு வரவு. கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற பறிக்குத் தோல் வால் தைப்பதும், கிழிந்ததைக் கட்டுவதும், கவுண்டர் வீட்டுச் செருப்பும் அவர் வேலை. அதற்கு அறுவடையில் தனியாக ஒரு பங்கு தவசம் உண்டு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அடுத்த பத்து வருசத்தில் கோவை மில்களால் நிரம்பியது. 1937இல் மின்மோட்டாரைக் கோவையிலேயே செய்தார்கள். கோவை வரலாறு எழுதுகிறவர்கள் இதை நெஞ்சு நிமிர்த்தி எழுதுகிறார்கள், எழுதட்டும், நல்ல காரியம்தான். மாடும் மனுசனும் விடியவிடிய ஏற்றம் இறைத்த கொடுமை போனது. ஆனால் ஒரு கிணற்றில் மோட்டார் இறங்கினால் ஒரு மாதாரியின் தோல் வரவு அன்றோடு நின்றது. எங்க தோட்டத்துக்கு அது 1960களில் வந்தது. துண்டு விழுந்த ஒரு பங்கு இன்னும் பெரிதானது. இந்தப் பக்கத்தை எந்தத் தொழில் வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

செத்த மாட்டைப் பற்றிப் பேசும்போது அம்பேத்கரைச் சொல்லாமல் போகமுடியாது. 1927இல் மகாடில் தொடங்கி, செத்த மாட்டைத் தூக்காதீர்கள், அந்தக் கறியைத் தின்னாதீர்கள் என்று அவர் சொல்லிவந்தார். அப்போது அவருக்கு எதிராக ஒரு வரவு செலவுக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில், பௌத்தம் ஏற்ற மறுநாள், அதை அவரே பேச்சில் நினைவுகூர்ந்தார். ஒரு ஊரில் இத்தனை மாடு சாகும், தோல், கொம்பு, எலும்பு, குளம்பு என்று விற்றால் வருசத்துக்கு 500 ரூபாய் தேறும், அம்பேத்கர் இந்த ஏழைகளின் வருமானத்தைக் கெடுக்கிறார் என்று 'கேசரி' பத்திரிகையில் கடிதங்கள் வந்தனவாம். அவ்வளவு லாபம் என்றால் நீங்களே தூக்குங்கள், அந்த 500 உங்களுக்கு, மேலே நானும் 500 தருகிறேன் என்று பதில் கொடுத்ததாகச் சொன்னார். ஒருத்தரும் வரவில்லை. வருசக் கணக்கில் மானத்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்று முதலில் எழுதிக் காட்டியவர் அவர்தான். 1945இல் வெளியான காங்கிரசையும் காந்தியையும் பற்றிய நூலில், எந்திரம் வேண்டாம், எளிமையாக இருங்கள் என்ற போதனையைக் கிழித்துப் போட்டதும் அவர்தான். ஓய்வு நேரம் இல்லாத மனுசனுக்கு ஏது பண்பாடு என்பது அவர் வாதம். வசதி இருந்தும் விட்டுக்கொடுப்பவனுடைய எளிமை ஒன்று. எங்க அவ்வாவின் கூழ் வேறு.

எங்க வளவில் செத்த மாடு தூக்குவது நின்றது 1970களில். இளவட்டங்கள் முடிவு செய்தார்கள். அவ்வா அப்போது அதை எதிர்த்தாள். "அந்தக் கறி இல்லாட்டி பொரட்டாசிக்கு என்னத்தடா தின்பீங்க?" என்று கேட்டாளாம். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன், ஆனால் அதற்கான விலையை எந்தச் சட்டியிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அரசாங்கத்தின் ஏடுகளிலும் நம் கணக்கு இருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் அது நூலானது. நல்ல முயற்சிதான். ஆனால் 1916இல் கல்லூரியில் படித்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யோசியுங்கள். சேரி வீட்டுக் கணக்கை நிலக்காரர் வீட்டுப் பிள்ளை எழுதினால் எது வரவில் ஏறும், எது விட்டுப்போகும்? சுதந்திரத்துக்குப் பிறகு 1950-51இல் அகில இந்திய அளவில் விவசாயக் கூலிகள் பற்றிய முதல் விசாரணை. ஒரு குடும்பத்தின் வருச வரவு சராசரி 447 ரூபாய், செலவு 460க்கு மேல். 1956-57இல் இரண்டாம் விசாரணை. நடுவில் முதல் ஐந்தாண்டுத் திட்டமே முடிந்துவிட்டது. வரவு 437 ரூபாய், செலவு 617. கடன்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு 45 என்பது 64 ஆனது. இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று அறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். காரணம் என்ன தெரியுமா? கூலியாகக் கொடுத்த தானியத்துக்கு முதல் விசாரணையில் சில்லறை விலை போட்டார்கள், இரண்டாவதில் மொத்த விலை போட்டார்கள். உப்புக்குத் தவசம் போட்ட அவ்வாவுக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரிந்திருக்கும். ஒரு படிக் கம்பின் விலை அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1975 அக்டோபர் 25இல் கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம். 1976இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கொத்தடிமைக் கடன் செல்லாது, கட்டத் தேவையில்லை என்கிறது அது. சூலூர், கோவை நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். எங்க தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. தாத்தாவின் பாக்கி நோட்டில் அப்படியே இருந்தது. எங்க தோட்டம் மட்டுமா? சட்டம் வந்து இருபது வருசம் ஆன பிறகு, 1995இல், உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையம் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. மாநில அரசு அப்படியெல்லாம் இல்லை என்றது.

தாத்தாவின் பாக்கியைத் தீர்த்தது சட்டம் இல்லை, தறி. 1980களின் நடுவில் என் அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்கு வேலைக்குப் போனார். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதில் தோட்டத்துப் பாக்கியைக் கட்டி, தாத்தாவை மீட்டார். மீட்டார் என்றுதான் வீட்டில் சொல்வோம், அடகு வைத்த நகையைச் சொல்வதுபோல. அப்பா அந்த முன்பணத்தைக் கழிக்கப் பத்து வருசத்துக்கு மேல் ராத்திரி ஷிப்டு ஓட்டினார். தறிப்பட்டறையிலும் அதற்குப் பெயர் பாக்கிதான். ஒரு வித்தியாசம் உண்டு. வாரா வாரம் சனிக்கிழமை கூலி ரொக்கமாக வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று அப்பாவால் படித்துப் பார்க்க முடிந்தது, திண்ணைக்குக் கீழே நிற்கவேண்டியதில்லை. அவ்வாவின் மகன் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதற்குப் பிறகு மில்களில் மூணு வருசம் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டம் வந்து, தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் அடைத்தபோது, இந்தப் பழைய வருசக் கணக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததை எங்க வீட்டில் உடனே அடையாளம் கண்டுகொண்டோம்.

பண்ணயம் ஒழிந்ததற்குத் தறி ஒரு காரணம், திருப்பூர் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1982 சூலையில் சத்துணவு வந்தது. பிள்ளைகளின் மத்தியானச் சோறு வீட்டுக் கணக்கிலிருந்து இறங்கியது. ரேசன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 சூனில் இலவசமாகவும் ஆனது. அவ்வாவின் அந்த அஞ்சில் ஒரு பங்கு அடைபட்டது அப்போதுதான். அதே வருசங்களில்தான் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்ற புலம்பலும் கிளம்பியது. பசி இருந்தவரை ஆள் கிடைத்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லுகிறார்கள். வேறு சாட்சி எதற்கு?

அவ்வா 2014இல் போய்விட்டாள். அந்த வீட்டைப் பிரித்து ஓட்டுவீடு கட்டினபோது மூங்கில் கம்பு அடுப்புக்குப் போயிருக்கும். நான் அப்போது ஊரில் இல்லை.

ஒவ்வொரு வளவிலும் இப்படிக் கணக்கு வைத்திருந்த கிழவிகள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது போய் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு கூலி என்று மட்டும் கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எந்த மாசத்தில் கூழ் நீர்த்தது என்று கேளுங்கள். கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று கேளுங்கள். கடைக்காரன் ஒரு படிக்கு எவ்வளவு உப்புப் போட்டான் என்று கேளுங்கள். எந்த வள்ளத்தில் அளந்தார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள். எங்க தோட்டத்தில் குத்தகைத் தவசத்தை அளந்து வாங்க ஒரு வள்ளம், ஆளுக்கு அளந்துபோட இன்னொரு வள்ளம் என்று இரண்டு இருந்ததாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவ்வா அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமலே, தவசம் விழுகிற சத்தத்தை வைத்து எது எது என்று சொல்லிவிடுவாள்.